ஜல்லிக்கல் வேண்டுதல்

ரயில்வேயில் ஒரு வண்டி உண்டு. அதில் பயணிகள் ஏற முடியாது, சரக்கும் ஏறாது. அதன் வயிற்றுக்கு அடியில் கேமராவும் லேசரும் பொருத்தியிருப்பார்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து, ஓடிக்கொண்டே தண்டவாளத்தின் அகலம், ஏற்ற இறக்கம், நெளிவு எல்லாவற்றையும் முழத்துக்கு ஒருதரம் அளந்துகொண்டு போகும். அதிகாரிகள் அதை டி.ஆர்.சி. என்பார்கள். லைனில் வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் அதற்கு மாமியார் வண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். வரப்போகிறது என்றாலே எல்லோரும் கைகால் உதற வேலை செய்வதும், வந்து போன பிறகு எப்படியும் ஒரு குறை கேட்பதும் யோசித்துப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருந்தது.

சோபனாவின் நிஜ மாமியார் தங்கமானவர். அவளைப் படுத்தி எடுத்ததெல்லாம் இந்த வண்டிதான்.

அவள் கணவன் அருள்குமார் கீமேன். தினமும் காலையில் சுத்தியலும் ஸ்பேனருமாகப் புறப்பட்டு, ஆறு கிலோமீட்டர் தண்டவாளத்தை நடந்தே பார்த்து, கழன்ற கிளிப்பை அடித்து இறுக்கி வருவது அவன் வேலை. அந்த ஆறு கிலோமீட்டருக்குள் பூவக்கொட்டாய் தாண்டி ஒரு வளைவு இருந்தது. போன ஆவணியில் வண்டி வந்தபோது அந்த வளைவில் அது வரைந்த வரைபடக் கோடு எகிறியது. கேங் ஆட்கள் போய்ச் சரிசெய்தார்கள். மார்கழியில் வந்தபோது அதே இடத்தில் முன்பைவிட உயரமாக எகிறியது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரிகள் எல்லோரும் செக்‌ஷன் இன்ஜினியர் மாதவராஜைத் திரும்பிப் பார்த்தார்களாம். மாதவராஜ் இறங்கி வந்து அருள்குமாரைப் பார்த்தார்.

"ரெண்டு தடவ ஆயிடுச்சிப்பா. சித்திரையிலயும் இதே எடத்துல மார்க் விழுந்துச்சின்னா உன்ன இந்த பீட்ல வெச்சிருக்க என்னால முடியாது. ஹூப்ளி பக்கம் ஆள் கேக்குறாங்க. பேரு எழுதிக் குடுத்துருவேன்."

கெட்ட மனுஷன் இல்லை அவர். அவருக்கு மேலேயும் ஆள் இருந்தார்கள்.

ஹூப்ளி என்ற பேரே சோபனாவுக்கு ஆகாது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல் நான்கு வருடம் அருள்குமார் அந்தப் பக்கம்தான் இருந்தான். அவளுக்கு இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன் வேலை. விட்டுவிட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது. நான்கு வருடம் போனிலேயே குடும்பம் நடத்தினார்கள். இரண்டு வருடத்துக்கு முன்தான் மாற்றல் கிடைத்து இருவரும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தார்கள். இரண்டு பேருக்கு அரிசி அளந்து போடுவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவள் அதற்கு முன் நினைத்ததில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் அவன் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பாக்கெட்டில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. ரயில் நேரங்களாக எழுதியிருந்தான். அங்கே சனிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பினால் விடிவதற்குள் இங்கே வந்துவிடலாம்; ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டோடு திரும்பிவிடவேண்டும். அதற்குக் கீழே, 'எட்டு மணி நேரம் வூட்ல' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான். அவளிடம் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்டைத் துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் அழுதாள்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமைதான் அவள் முதல்முதலாக முனியப்பன் கோயிலுக்குப் போனாள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அருள்குமார் வீட்டார் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். சோபனா ஏரியூர்ப் பக்கத்தில் முனியப்பனைக் கும்பிடும் விவசாய வீட்டுப் பெண். காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். அவளை மாறச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவளாகத்தான் சர்ச்சுக்கு வந்தாள், ஞாயிற்றுக்கிழமை தவறியதும் கிடையாது. இந்த வளைவுக்காக அருள்குமார் தினமும் முழங்காலில் நின்று ஜெபம் செய்வதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அது போதாது என்று தன் பெண்டாட்டி இன்னொரு சாமியிடம் மனு போட்டிருக்கிறாள் என்று தெரிந்தால் அவன் கோபப்பட மாட்டான். சுருங்கிப் போவான். அதைத்தான் அவளால் பார்க்க முடியாது. அதனால் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிக் கும்பிட்டுவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

வளைவு முனியப்பன் இருந்தது தண்டவாளத்துக் கரைக்குக் கீழே, புளியமரத்தடியில். மூன்று வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் அவர் முன்னால் ஏழு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வீடு மாதிரி அடுக்கி வேண்டிக்கொண்டாராம். வருடம் திரும்புவதற்குள் மாடி வீடு கட்டிவிட்டாராம். அதை எவனோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டான். அவ்வளவுதான். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று எங்கெங்கிருந்தோ சனம் வந்து கல் அடுக்க ஆரம்பித்தது. அமாவாசை என்றால் கால் வைக்க இடமிருக்காது. பூசாரியின் மனைவி பாஞ்சாலி, தேங்காய் பழத் தட்டோடு ஏழு கல்லையும் சேர்த்தே கொடுக்கத் தொடங்கினாள். அளவெடுத்த மாதிரி, கோணம் கோணமாக, ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அசையாமல் நிற்கிற கல். சோபனா ஏழு வெள்ளிக்கிழமை ஏழேழு கல்லாக அடுக்கினாள். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. தட்டில் வைத்த பூ எந்தத் தோட்டத்துப் பூ என்று யாராவது கேட்கிறார்களா?

சித்திரை அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமியார் வண்டி வர மூன்றே நாள் இருந்தது. அருள்குமார் சனிக்கிழமை முழுவதும் அந்த வளைவிலேயே கிடந்தான். வெளிப்பக்கம் ஜல்லி குறைகிறது என்று கூடை கூடையாக அள்ளிப் போட்டான். திங்கட்கிழமை கேங் வந்து எங்கெங்கே கை வைக்கவேண்டும் என்று மஞ்சள் பெயின்ட்டால் அடையாளம் போட்டான். பெயின்ட் டப்பா கவிழ்ந்து சட்டையெல்லாம் மஞ்சள்.

"எத்தன தடவ போட்டாலும் ஜல்லி நிக்க மாட்டேங்குது சோபனா. மழைகூட இல்ல. ஆடுங்க ஏறி எறங்கி சரிச்சி வுடுதோ என்னமோ" என்றான். அவன் காலையில் எட்டு மணிக்குள் அந்த வளைவைத் தாண்டிவிடுவான். கூட்டம் சேருவதெல்லாம் அதற்குப் பிறகு. கோயில் பக்கம் அவன் இறங்கியதே இல்லை. கரைமேலிருந்து பார்த்தால் புளியமரத்தின் தலைதான் தெரியும்.

ஞாயிறு சர்ச் முடிந்து வந்து சோபனா சட்டைக் கறையை மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்துப் பார்த்துத் தோற்றாள். சாப்பிட்டு முடித்ததும் அருள்குமார் கண்ணயர்ந்தான். டெய்லரிடம் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு சோபனா பஸ் ஏறினாள்.

கோயிலுக்குப் போய்ச் சேர மணி மூன்றுக்கு மேல் ஆகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. பாஞ்சாலி புளியமர நிழலில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வா கண்ணு. இப்பதான் கூட்டம் கொறஞ்சிது. காலையிலருந்து எந்திரிக்க வுடல. நாலு மணி வண்டி போனா நானும் கடைய கட்டிருவேன். எம் பொண்ணு பெங்களூருக்குத் திரும்பிப் போறா அதுல. ஜன்னல்ல கை காட்டுவா, பாத்துட்டுதான் போவேன்."

பாஞ்சாலி தட்டை நீட்டினாள். சோபனா ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்தாள். ஐந்தாவது கல்லில் மஞ்சளாக ஏதோ தெறித்திருந்தது. குங்குமம், மஞ்சள் படுவது கோயிலில் சகஜம்தான் என்று விரலால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். அப்படியும் போகவில்லை. அன்று காலையில் அவன் சட்டையில் அரைமணி நேரம் தேய்த்தும் போகாத அதே மஞ்சள்.

"அக்கா, இந்தக் கல்லு எங்கிருந்துங்க எடுக்குறீங்க?"

"எங்கிருந்து எடுப்பாங்க, மேல லைன்லருந்துதான். கொட்டிக் கெடக்குதே. இன்னிக்கி மட்டும் எட்டு பாண்டுச் சட்டி தீந்துடுச்சி. பாதிப் பேரு அவங்களே ஏறி எடுத்துக்கிறாங்க."

சோபனா சுற்றிலும் பார்த்தாள். புளியமரத்தடி முழுவதும், வேலி வரைக்கும், ஜல்லிக்கல் வீடுகள். நூற்றுக்கணக்கில். அதில் ஏழு அவளுடையவை. புருஷன் வேலை நிலைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அவன் போட்ட ஜல்லியையே உருவி உருவி அடுக்கியிருக்கிறாள். வேலியே பயிரை மேய்வது என்பார்கள். இங்கே வேலி விரதம் இருந்து மேய்ந்திருந்தது.

அவளுக்கு லைன் வேலை தெரியாது. ஆனால் ஆறு வருடமாகக் கீமேன் பெண்டாட்டி. வெயில் ஏறினால் இரும்பு நீளப் பார்க்கும். அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைகளுக்கு இரண்டு பக்கமும் ஜல்லி அணைத்துப் பிடித்தால்தான் தண்டவாளம் அடங்கி நிற்கும், பிடி விட்டால் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும் என்று அவன் சொல்லியிருக்கிறான். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் கரைமேல் ஏறினாள். வளைவின் வெளிப்பக்கத்தில் கட்டைகளின் முனை பல் தெரிகிற மாதிரி வெளியே தெரிந்தது. மணி மூன்று இருபது.

போனை எடுத்தாள். எடுத்த பிறகு கை நின்றது. சொன்னால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். புதன்கிழமை வண்டி வருவதற்குள் யாருக்கும் தெரியாமல் கல்லைத் திரும்பப் போட்டுவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நாலு மணி வண்டி ஞாபகத்துக்கு வந்ததும் அந்த யோசனை செத்துப்போனது.

"ஏங்க, உங்க வளைவுல ஜல்லி இல்லீங்க. வெளிப்பக்கம் கட்ட முனையெல்லாம் வெளிய தெரியுதுங்க."

தூக்கக் குரல் உடனே தெளிந்தது. "நீ எங்க இருக்க?"

அவள் இரண்டு நொடி பேசவில்லை.

"முனியப்பன் கோயிலுக்கு வந்தேங்க. ரெண்டு மாசமா வரேன். கல்லு அடுக்குறாங்கல்ல, அது லைன்ல இருந்து எடுக்குறது. நானும் அடுக்கிட்டேன்."

அருள்குமார் கோயிலைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"தண்டவாளத்துக்குள்ள கால் வெக்காத. ஓரமாவே நட. முனை தெரியுற கட்டை எத்தனன்னு எண்ணு."

அவள் எண்ணினாள். சுடுகல் பாதத்தைப் பொசுக்கியது. "முப்பத்தொண்ணுங்க."

"இப்ப குனிஞ்சி, கண்ண தண்டவாள மட்டத்துக்கு எறக்கி, நீட்டுக்கும் பாரு. வளைவு சீரா போவுதா, எங்கயாவது நெளியுதா?"

தினமும் கண்ணாடிக் குழாயில் ரத்தத்தின் அளவைக் கண் மட்டத்துக்கு வைத்துப் பார்க்கிறவள்தான். அப்படியே குனிந்து பார்த்தாள். கானல் ஓடியது. இரும்பு நெளிகிற மாதிரியும் இருந்தது, வெயில் நெளிகிற மாதிரியும் இருந்தது.

"தெரியலீங்க. கண்ணு கூசுது. எனக்குச் சொல்லத் தெரியல."

"பரவால்ல. தெரியலன்னா நெளியுதுன்னுதான் வெச்சுக்கணும்."

"ஏங்க, இத சொன்னா உங்களுக்கு ஹூப்ளி..."

"வண்டில ஆயிரம் பேர் வராங்க சோபனா. நீ எறங்கி நிழல்ல நில்லு. நான் வரேன்."

போனை வைத்தவன் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் மாதவராஜுக்கும் சொல்லிவிட்டு, கால்மணி நேரத்தில் பைக்கில் வந்து சேர்ந்தான். அவசரத்தில் அந்த மஞ்சள் சட்டையையே மாட்டியிருந்தான். நேராகக் கரைமேல் ஏறி, குனிந்து பார்த்து, முழக்கோலை வைத்து அளந்தான். பிறகு சிவப்புக் கொடியைப் பிரித்துக்கொண்டு வண்டி வரும் திசையில் ஓடினான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. அது வேலை மும்முரம்தான் என்று சோபனாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் திரும்புகிறானா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

நாலு மணி வண்டி முந்தின ஸ்டேஷனிலேயே எச்சரிக்கை வாங்கிக்கொண்டுதான் கிளம்பியிருந்தது. வளைவுக்கு முன்னால் நின்றது. அருள்குமார் டிரைவரிடம் ஏதோ பேசினான். பிறகு வண்டி ஊர்ந்தது. அவன் வெளிப்பக்கக் கரையில், சக்கரத்தையும் கட்டையையும் பார்த்தபடி கூடவே நடந்தான். கோயிலில் இருந்த முப்பது நாற்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எப்போதும் ஒரு காற்றாகப் பறக்கிற வண்டி அன்றைக்கு ஒவ்வொரு முகமாகக் காட்டிக்கொண்டு போனது. ஆறாவது பெட்டி ஜன்னலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். பாஞ்சாலி தூக்கிய கையை ஆட்டாமல் அப்படியே வைத்திருந்தாள்.

கடைசிப் பெட்டி தாண்டியதும் அருள்குமார் கீழே இறங்கி வந்தான். விஷயத்தை நாலு வார்த்தையில் சொன்னான். ஜல்லி உடனே மேலே போகவேண்டும் என்றான்.

"அதெப்படிங்க? வேண்டுதல் கல்லு. பிரிச்சா எங்க வூடு வெளங்குமா?" என்றார் ஒருவர். கூட்டம் அவர் பக்கம் நின்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி வேறு, "சாமி குத்தம் ஆயிரும்ங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அருள்குமார் வாதாடவில்லை. சாமியைப்பற்றிப் பேச அவனுக்கு அங்கே உரிமை இல்லை என்று நினைத்திருக்கலாம். சோபனாதான் முன்னால் போனாள். தன் ஏழு வீடுகளின் முன் உட்கார்ந்தாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. மேல்கல்லை எடுத்து முந்தானையில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"நீ என்ன வேண்டிக்கிட்ட?" பின்னாலிருந்து அருள்குமார் மெதுவாகக் கேட்டான்.

"நாம ரெண்டு பேரும் ஒரே வூட்ல இருக்கணும்னு."

அவன் அவள் பக்கத்தில் குந்தினான். அவள் எடுத்துக் கொடுத்த கல்லைத் துண்டை விரித்து வாங்கிக்கொண்டான்.

அப்போது பாஞ்சாலி எழுந்து வந்தாள். மீதிக் கல் இருந்த பாண்டுச் சட்டியைத் தலையில் தூக்கி வைத்தாள். "குத்தம் வந்தா எனக்கு வரட்டும். எம் பொண்ணு போற வண்டிக்குக் கீழ இருந்து நானே கல்ல உருவி வித்துருக்கேன். இதவிட பெரிய குத்தம் எங்க இருக்குது" என்று புருஷனைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கரையேறினாள். "கல்லுக்குக் கல்லு ஆத்தோரத்துல இருந்து நாளைக்கி நானே கொண்டாந்து அடுக்கித் தரேன். முனியப்பன் கல்லோட சாதியா பாக்கப் போறாரு?"

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. எதிர்த்துப் பேசியவரே தன் வீட்டைக் கும்பிட்டுவிட்டுப் பிரித்தார். இருட்டுவதற்குள் மாதவராஜ் ஜீப்பில் ஆட்களோடு வந்தபோது, சேலையும் வேட்டியுமாக ஒரு வரிசை கரைமேல் கல் ஏற்றிக்கொண்டிருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. "யாரு பாத்துச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

"என் வூட்டுக்காரிங்க. அவளும் அடுக்கியிருக்கா, அதையும் எழுதிக்கோங்க" என்றான் அருள்குமார்.

திங்களும் செவ்வாயும் கேங் அங்கேயே வேலை செய்தது. வீட்டில் இருவரும் குறைவாகப் பேசினார்கள். கோபமாக இல்லை, தூக்கமில்லாத களைப்பும், புதன்கிழமையும் நடுவில் கிடந்தன. மற்ற எதையும் கேட்காமல் அவன் அவள் பாதத்துக் கொப்புளங்களுக்கு இரண்டு வேளையும் மருந்து போட்டுவிட்டான். அதுதான் அவளை அழவைத்தது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு வண்டி வளைவைத் தாண்டியது. சோபனா லேபில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். வண்டி அளப்பதெல்லாம் கோடுதான். எங்கே என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. பன்னிரண்டு மணிக்கு அருள்குமார் போன் செய்தான்.

"கோடு லேசா ஒரு எடத்துல தட்டுது. அளவுக்கு உள்ள தான். மார்க் இல்ல."

"இன்ஜினியர் என்ன சொன்னாருங்க?"

"வெளியூர்க்காரன் எவனப் போட்டாலும் ஜல்லி எங்க போவுதுன்னு கண்டுபிடிக்கமாட்டான், உன் வூட்டுக்காரி இங்க இருக்குற வரைக்கும் நீயும் இரு, அப்படின்னாரு." அவன் சிரித்தான். "பேரு எழுதலியாம் சோபனா."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நாற்காலியில் இருந்த கர்ப்பிணி, தன் ரத்தத்தில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லீங்க, எல்லாம் நல்லா இருக்குது" என்று அவளுக்கும் போனுக்கும் சேர்த்தே சொன்னாள் சோபனா.

வெள்ளிக்கிழமை மாலை அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது அவன் பைக்கோடு நின்றான். எங்கே என்று கேட்காமலே கோயில் பக்கம் ஓட்டினான். புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினான்.

"உள்ள வரமாட்டேன். இங்கயே நிக்கிறேன், நீ போய்ட்டு வா."

"உங்களுக்கு வருத்தமில்லீங்களா?"

அருள்குமார் ஹாண்டில்பாரைப் பார்த்தபடி இருந்தான். "நீ கும்புட்டதுக்கு எனக்கென்ன வருத்தம். அன்னிக்கி எங்க இருக்கன்னு கேட்டப்ப ரெண்டு நொடி பேசாம இருந்தியே. தண்டவாளம் நெளிஞ்சிடுமோன்னுகூட நான் அப்படிப் பயப்படல. நாலு வருஷம் போன்லயே இருந்தோம், அப்பகூட நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரியாம இருந்ததில்ல."

சோபனா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டாள்.

"இனிமே கேக்காமயே சொல்றேங்க" என்றாள்.